மார்கழிப் பண்டிகையும் தைமாதச் சேமிப்பும்

விடுதியில் ஒருநாள் மாலை, கிறிஸ்மஸ் பண்டிகைக்கு ஆயத்தம் எப்பொழுது தொடங்குகின்றது என்னும் வினா எம் நண்பரிடையே எழுந்தது. நகரத்து நண்பர் ஒருவர், கடைவீதியில் காகித நட்சத்திரங்கள் தொங்கும் நாளே அந்நாள் என்றார். மற்றொருவர் வேதநூற் பயிற்சி மிக்கவர். அவர் அட்வெந்து முதல் ஞாயிறு என்றார். யாம், "தை மாதம்" என்றோம். அனைவரும் நகைத்தனர். கட்டிய தோரணம் வாடுமுன்னரே அடுத்த பண்டிகைக்கு ஆயத்தம் செய்வாரும் உளரோ என வினவினர். உளர்; எம் ஊராகிய கடையத்தில் உளர். அவர் அங்ஙனம் செய்வது பேராசையாலன்று, வீண் பகட்டாலுமன்று. அதன் காரணத்தை அன்று நண்பர்களுக்கு முற்றும் உரைக்கப் பொழுது போதவில்லை. ஆகலின் இம்மலரின் வாயிலாக அதனை விளக்க முற்படுகின்றோம்.

ஊரும் பருவமும்

கடையம், மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்புறத்து அடிவாரத்தில் அமைந்த ஊர். முன்னர்த் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தென்காசி மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டது முதல் அம்மாவட்டத்தின்பாற்பட்டது. தமிழுலகம் இவ்வூரை அறிந்தது பாரதியாரால் ஆகும். அவர்தம் மனைவியார் செல்லம்மாளின் பிறந்தகம் இதுவே. 1918ஆம் ஆண்டின் இறுதி முதல் 1920 வரை பாரதியார் இங்கு வாழ்ந்தார். மலையினின்று இறங்கும் இராமநதி ஊருக்கு நீர் தருகின்றது. நெல் வயல்களும், எலுமிச்சைத் தோட்டங்களும், வீட்டுத் திண்ணைகளில் முறம் மடியிலிருக்கப் பீடி சுற்றும் பெண்டிரும் இவ்வூர்க்கு வருவார் கண்ணில் முதற்கண் படுவன.

எம் பக்கத்து உழவர்க்கு நெற்போகம் இரண்டு. ஒன்று கார், மற்றொன்று பிசானம். தென்மேற்குப் பருவக்காற்றின் மழை மலையில் பெய்ய, குற்றாலத்தில் சாரல் தூவும் காலத்தில் கார் நடவாகும்; புரட்டாசி மாதத்தையொட்டி அறுவடையாகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் பிசானம் நடவாகும். மாசி, பங்குனி மாதங்களில் அறுவடையாகும். இவ்விரண்டையும் நினைவில் வைத்துப் பண்டிகைகளை நோக்குமின். தீபாவளி ஐப்பசியில் வருவது. கார் அறுத்த கூலியும் நெல்லும் அப்பொழுது கையில் இருக்கும். உயிர்த்தெழுந்த திருநாள் பங்குனி சித்திரையில் வருவது. பிசானம் அறுத்த நெல் அப்பொழுது வீட்டிலிருக்கும். கிறிஸ்து பிறந்த திருநாளோ மார்கழியில் வருவது. அப்பொழுது வயலிலே பயிர் பசேலென்று நிற்கும். குதிரிலே நெல் குறைந்து நிற்கும். நடவுக் கூலி முடிந்திருக்கும். அறுப்புக் கூலி தொடங்கியிராது. மழையால் மற்றைய வேலைகளும் தடைப்படும். ஆண்டின் பன்னிரு திங்களிலும் கூலியாளர் கை வறண்டிருக்கும் திங்கள் இதுவே எனினும் பொருந்தும்.

பனிநாட்டில் தோன்றிய வழக்கங்களை நூல்களிற் பயிலும் நாம், கிறிஸ்மஸ் என்றதும் நிறைந்த களஞ்சியத்தையும் கொழுத்த உணவையும் எண்ணுகின்றோம். ஐரோப்பாவில் அறுவடை முடிந்து, கால்நடைகளை அறுத்து உப்பிட்டு வைத்த பின்னர் அப்பண்டிகை வருகின்றது. எம் நாட்டில் அஃது இரண்டு அறுவடைகட்கு இடையேயுள்ள வெறுமையில் வருகின்றது. ஆகவே, மார்கழியில் உண்டாக்க இயலாததனை அதற்கு முன்னுள்ள திங்களிலெல்லாம் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்தல் எம்மவர்க்கு இன்றியமையாததாயிற்று. முன்கூட்டிய ஆயத்தத்தின் முதற்காரணம் இதுவே.

திங்கள்தோறும் நிகழ்வன

இனி அவ்வாயத்தம் நடைபெறும் முறையைக் கூறுவோம். எம் ஆச்சி தம் இளமைக்காலத்து வழக்கமாகச் சொல்வனவற்றையும், யாமே கண்டனவற்றையும் ஒருங்கு சேர்த்து உரைக்கின்றோம்.

பதநீர் இறங்கும் காலம் மாசி பங்குனி முதல் ஆடி வரையில் ஆகும். அக்காலத்தில் கருப்பட்டி நயமாகக் கிடைக்கும். மார்கழியில் அதன் விலை ஏறிவிடும். ஆதலின் முந்திரிக்கொத்துக்கு வேண்டிய கருப்பட்டியை ஆனி மாதத்திலேயே வாங்கி வைப்பர். கருப்பட்டிக்குப் பகை ஈரம். மழைக்காற்றுப் பட்டால் அது கசிந்து பாகாகிவிடும். ஆகவே பானையிலிட்டு வாயைக் கட்டி, அடுப்பின் புகை படும் பரணில் வைப்பர். வாங்குதல் எளிது; ஆறு திங்கள் காத்தலே அரிது என்று ஆச்சி கூறுவார். பிள்ளைகள் பரண்மேல் ஏறாதவாறு காத்தலையும் அவர் அதனுள் அடக்கியே கூறினார் என்பது எமக்குப் பின்னரே விளங்கிற்று.

ஆடி மாதத்தில் ஓர் ஆட்டுக்குட்டி வாங்கி வளர்ப்பாரும் உளர். தனியே வாங்க இயலாதார் நாலைந்து வீட்டார் கூடி ஓர் ஆட்டைப் பேசி வைத்துப் பண்டிகைக்கு முந்திய நாள் கூறு போட்டுக்கொள்வர். கூறுகள் ஒத்த அளவின என்பதற்கு ஒரு பொதுவாள் நின்று பார்ப்பார்.

புரட்டாசி மாதத்தின் இயல்பு நம் பழமொழியில் உள்ளது: பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும். அந்தப் பொன்னுருகும் வெயிலை வீணாக்காமை இல்லத்தரசியர்க்குரிய அறிவு. தேங்காயை உடைத்துக் கொப்பரையாக உலர்த்திச் செக்கில் ஆட்டி எண்ணெயாக்கி வைத்தல், விறகை வெட்டி அடுக்கி வைத்தல், உளுந்தும் பாசிப்பயறும் புடைத்துக் காயவைத்தல் ஆகியன அம்மாதத்துப் பணி. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் பின்னர்க் காயவைக்க வெயில் கிடையாது. இந்நாளில் எரிவாயு அடுப்பும் மாவரைக்கும் ஆலையும் வந்துவிட்டமையால் விறகுக் கவலை பெரிதும் நீங்கிற்று. ஆயினும் கொப்பரை காயவைக்கும் முற்றத்தை இன்றும் காணலாம்.

ஐப்பசியில் தையற்காரர் தீபாவளித் துணியில் மூழ்கியிருப்பார். அவர்க்குத் தீபாவளி கழிந்த மறுநாளே துணி கொடுத்துவிட வேண்டும். கார்த்திகை கடைசி வரை காத்திருப்பார் பழைய உடையுடன் ஆராதனைக்கு வர நேரிடும். கார்த்திகையில் மழை சற்று ஓய்ந்த வேளை பார்த்துச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுதல், மூங்கிற் சிம்பு கட்டி நட்சத்திரம் செய்தல், இரவுதோறும் ஆலயத்தில் கூடிக் கீர்த்தனைகள் பழகுதல் ஆகியன நிகழும். மார்கழியின் முதல் வாரங்களில் பலகாரம் சுடுதல் தொடங்கும். அதிரச மாவைப் பாகிலே கிளறிச் சில நாள் வைத்துப் புளிக்கவிட்டபின் சுட்டாலே அது மிருதுவாகும். முறுக்குச் சுடுதல் ஒருவர் வேலையன்று. பிழிவார் ஒருவர், வேகவிடுவார் ஒருவர், எடுப்பார் ஒருவர் என மூவரேனும் வேண்டும். ஆதலின் இன்று ஒரு வீடு, நாளை அடுத்த வீடு என முறை வைத்துக்கொண்டு தெருப் பெண்டிர் கூடிச் சுடுவர்.

இவ்வளவு பலகாரம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். உண்பதற்கு மட்டுமன்று. தீபாவளியன்று இந்து நண்பர் வீட்டினின்று தட்டு வந்தது. பெருநாளன்று இஸ்லாமிய நண்பர் வீட்டினின்று சோறு வந்தது. கடையத்திற்கு அணித்தாகப் புகழ்பெற்ற தர்காவையுடைய பொட்டல்புதூர் உள்ளமையால் இவ்வுறவு எம் பக்கத்தில் நெடுங்காலமாக உண்டு. வந்த தட்டு வெறுமையாகத் திரும்புதல் எம் ஊர் வழக்கமன்று. வேளாண்மை நன்றாயிருந்தாலும் பொய்த்தாலும் அத்தட்டுகள் மார்கழியில் நிறைந்து திரும்ப வேண்டும். வறியவர்க்குப் பண்டிகையென்பது மகிழ்ச்சி மட்டுமன்று. அண்டை அயலாரிடை மானத்தோடு நிற்றலும் ஆகும். இதனை அறியாதார் ஏழைகள் ஆடம்பரம் செய்கின்றனர் என்று எளிதிற் குறை கூறிவிடுவர்.

வாரம் நூறு ரூபாய்

கருப்பட்டியும் எண்ணெயும் முன்னரே சேர்த்து வைக்கலாம். துணிக்கும் அரிசிக்கும் ஆட்டுக் கூறுக்கும் பணம் வேண்டுமன்றோ? அதற்கென ஏற்பட்டதே கிறிஸ்மஸ் சீட்டு. தீபாவளிச் சீட்டு என்பதும் இதன் உடன்பிறப்பே.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்தபின் இருபது முப்பது குடும்பத்தார் ஒருவரிடம் பெயர் கொடுப்பர். வாரந்தோறும் குறித்த தொகையைச் செலுத்துவர். பீடி சுற்றுவார்க்கு வாரக் கூலி கிடைக்கும் நாளே சீட்டுக்குரிய நாளாகும். கார்த்திகை இறுதியில் கணக்கு முடித்து, அத்தொகையைப் பணமாகவேனும், அரிசி, எண்ணெய், வெல்லம், பருப்பு, துணி முதலிய பொருளாகவேனும் பகிர்ந்தளிப்பர். மொத்தமாக வாங்குதலின் பொருள் சற்று மலிவாகக் கிடைக்கும். இதுவே அதன் முழுத் தத்துவமும்.

இதன் பயனை ஒரு சிறு கணக்கினாற் காட்டுவோம். ஒரு குடும்பம் வாரம் 100 ரூபாய் வீதம் 45 வாரம் செலுத்துகின்றது என்க. பண்டிகைக்கு 4,500 ரூபாய் கைக்கு வரும். மற்றொரு குடும்பம் சீட்டிற் சேராது, மார்கழியில் அதே 4,500 ரூபாயைக் கடன் வாங்குகின்றது என்க. எம் பக்கத்தில் பத்து வட்டி என்பதற்கு நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் என்பது பொருள். அவ்வாறாயின் மாதம் 450 ரூபாய் வட்டியாகும். அதனை வாரமாகப் பகுத்தால் ஏறக்குறைய 100 ரூபாயே வரும். எனவே இருவரும் வாரம் நூறு ரூபாயே செலுத்துகின்றனர். முதல்வர் பத்து மாதம் செலுத்தி முடிவில் பண்டிகையைப் பெறுகின்றார். இரண்டாமவர் பத்து மாதம் செலுத்தி முடிவிலும் முதற்கடன் 4,500 ரூபாய் அங்ஙனமே நிற்கக் காண்கின்றார். அடுத்த மார்கழியும் வந்து வாயிலில் நிற்கின்றது. ஒரே நூறு ரூபாய். பண்டிகைக்கு முன் செல்லுமாயின் சேமிப்பு, பின் செல்லுமாயின் வட்டி. முன் பின் என்னும் இரண்டு சொற்கட்கிடையே ஒரு குடும்பத்தின் நல்வாழ்வு அமைந்துள்ளது.

இது மிகைக் கூற்றன்று. அளவிறந்த வட்டி வாங்குதலைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் 2017ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கந்துவட்டிக் கொடுமையை முறையிட வந்த ஒரு கூலிக் குடும்பம் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்கிரையாயிற்று. அன்று பள்ளி மாணவராயிருந்த யாம் அச்செய்தியைக் கேட்டு இரவு உறங்கவில்லை. எமது வட்டாரத்தில் வட்டி என்பது கணக்குப் பாடத்தில் வரும் சொல் மட்டுமன்று என்பதை அன்றே உணர்ந்தோம்.

தன் பொருளின் அளவறிந்து வாழ்தலை வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்துள் வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. பகைவர் மேற் செல்லும் அரசனுக்குக் கூறும் வலியறிதலுள் இல்லத்தின் வரவு செலவை ஏன் வைத்தார்? பொருளின் அளவும் ஒருவகை வலியே என்பது கருதியன்றோ! வருமுன் காத்தலை அவர் குற்றங்கடிதலுள் வற்புறுத்தினமையும் இவ்வாறே. ஆயத்தமின்மை அவர் கருத்தில் வெறும் மறதியன்று, குற்றம்.

நம்பிக்கைக்கும் கணக்கு வேண்டும்

சீட்டின் நன்மையை மட்டும் கூறி முடித்தல் நேர்மையாகாது. யாம் சிறுவராயிருந்த ஓராண்டு, எம் பெரியம்மை வாழ்ந்த சிற்றூரில், வாரந்தோறும் பணம் வாங்கிவந்தவர் கார்த்திகை மாதத்தில் ஒருநாள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் சென்றார், மீளவில்லை. அவர் கொடியவர் என்று அவ்வூரார் கூறவில்லை. சேர்ந்த பணத்தை வேறொருவர்க்கு அதிக வட்டிக்குக் கொடுத்துத் தாமும் ஏமாந்தார் என்றே கூறினர். எவ்வாறாயினும் பெரியம்மையின் ஓராண்டுப் பீடிக் கூலியின் ஒரு பங்கு போயிற்று. பெரியம்மை அழவில்லை. "பிள்ளைகளுக்குத் துணி இல்லாட்டாலும் பரவாயில்லை, பக்கத்து வீட்டுத் தட்டைத் திருப்பிக் கொடுக்கணுமே தம்பி" என்றார். அவ்வாண்டு ஆலயத்துப் பெண்கள் ஐக்கியத்தினர் வீட்டுக்கு ஒருபடி அரிசி திரட்டி, இழந்த வீடுகள் யாவற்றிற்கும் பலகாரம் சுட்டுக் கொடுத்தனர். எந்த வீட்டுக்குக் கொடுத்தோம் என்பதை எவரும் வெளியிற் சொல்லவில்லை. தட்டுகள் நிறைந்தே திரும்பின.

மறு ஆண்டு அவ்வூரார் சீட்டை நிறுத்திவிடவில்லை, திருத்தினர். அவர் கண்ட விதிகளை இங்கே தருகின்றோம், பிறர்க்கும் பயன்படும். பணம் செலுத்துவார் ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு புத்தகம் இருத்தல் வேண்டும். கொடுத்ததும் வாங்கியதும் இருபுறத்தும் அன்றே எழுதப்பட வேண்டும். திரளும் பணம் ஒருவர் வீட்டுப் பெட்டியில் இராது, மூவர் கையெழுத்திட்டாலன்றி எடுக்க இயலாத வங்கிக் கணக்கில் இருத்தல் வேண்டும். மாதந்தோறும் கூட்டத்தில் கணக்கை உரக்கப் படிக்க வேண்டும். இடையில் எவர்க்கும் கடனாகக் கொடுத்தல் கூடாது. எவ்வளவு வட்டி தருவதாகக் கூறினும் கூடாது. செலுத்தியதினும் மிகுதியாகத் தருவோம் என்று எவரேனும் ஆசை காட்டினால் அதனையே ஐயத்துக்குரிய முதற் குறியாகக் கொள்ளல் வேண்டும்.

அரசும் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. ஏலச் சீட்டு முதலியவற்றை ஒழுங்குபடுத்த 1982ஆம் ஆண்டில் சீட்டு நிதிச் சட்டமும், முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடுக்க 2019ஆம் ஆண்டில் மற்றொரு சட்டமும் நாடு முழுமைக்குமாக இயற்றப்பட்டன. மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி எங்கும் பரவின. அஞ்சலகத்திலும் சிறுகச் சேமிக்க வழியுண்டு. ஆயினும் சட்டம் குற்றம் நிகழ்ந்தபின் வருவது. புத்தகத்தில் எழுதும் வழக்கமோ குற்றத்தை நிகழவொட்டாது தடுப்பது.

கணக்குக் கேட்டால் நம்பிக்கையில்லை என்று எண்ணுவார்களே எனச் சிலர் கூசுவர். அக்கூச்சமே தீங்குக்கு வாயில். கணக்குக் கேட்டல் நம்பிக்கைக்குப் பகையன்று, அதற்கு வேலி. நல்லவரைச் சோதனையினின்று காப்பதும் அதுவே.

பிற நாடுகளில்

முன்கூட்டிய ஆயத்தம் எம் ஊரார்க்கு மட்டும் உரியதன்று. செங்கோட்டைக் கணவாயைக் கடந்து மலைக்கு அப்பாற் சென்றால், கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவர் பலர் டிசம்பர் 1 முதல் இருபத்தைந்து நாள் நோன்பிருத்தலைக் காணலாம். இறைச்சியை நீக்கிப் பண்டிகைக்குத் தம்மை ஆயத்தம் செய்கின்றனர். கீழைத் திருச்சபையார் நாற்பது நாள் நோற்கின்றனர். மேலைத் திருச்சபையார் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடைப்பட்ட ஞாயிற்றுக்கிழமை தொடங்கி நான்கு ஞாயிறுகளை அட்வெந்து எனப்படும் வருகைக் காலமாகக் கொள்கின்றனர். அதற்கு முந்திய ஞாயிற்றுக்குரிய ஆங்கில ஜெபத்தின் தொடக்கச் சொற்களுக்கு எழுப்புக என்றும் கிளறுக என்றும் பொருள் கொள்ளலாம். இங்கிலாந்துப் பெண்டிர் அச்சொல்லை ஆலயத்திற் கேட்டு வீட்டுக்கு வந்து, பண்டிகைக்குரிய புட்டிங்கைக் கிளறத் தொடங்குவர். வேடிக்கையாகத் தோன்றினும், ஜெபமும் அடுப்பும் ஒரே சொல்லால் தொடங்குதல் எமக்குப் பெரிதும் உவப்பாயிருந்தது. பிலிப்பைன் நாட்டினரோ செப்டம்பர் பிறந்தவுடனேயே பண்டிகைக் கீதங்களை இசைக்கத் தொடங்கிவிடுகின்றனர்.

சீட்டும் அவ்வாறே. அமெரிக்க நாட்டில் பென்சில்வேனியா மாகாணத்துக் கார்லைல் நகரில் 1909ஆம் ஆண்டு ஒரு வங்கி கிறிஸ்மஸ் சேமிப்புச் சங்கம் தொடங்கிற்று. வாரந்தோறும் சிறு தொகை கட்டி டிசம்பரில் பெறும் அம்முறை விரைவிற் பிற வங்கிகளிலும் பரவிற்று. எம் பெரியம்மை அடைந்த இழப்பும் எம் நாட்டிற்கே உரியதன்று. இங்கிலாந்தில் பேர்பாக் என்னும் கிறிஸ்மஸ் சேமிப்பு நிறுவனம் 2006ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பண்டிகைக்குப் பத்து வாரம் இருக்கையில் முறிந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட எளிய மக்கள் ஆண்டு முழுதும் கட்டிய பணத்தை இழந்தனர். பல்லாண்டு கழிந்தபின் அதில் ஒரு பகுதியே திரும்பக் கிடைத்தது. சட்டமும் நீதிமன்றமும் வங்கியும் நிறைந்த நாட்டிலும் இங்ஙனம் நிகழ்ந்ததாயின், திண்ணையிற் கூடும் சீட்டுக்கு இரண்டு கையெழுத்தும் ஒரு புத்தகமும் வேண்டுமென்பது சொல்லாமே விளங்கும்.

இருவகை ஆயத்தம்

இவ்வளவும் உலகியல் ஆயத்தம். ஆவிக்குரிய ஆயத்தமன்றோ பெரிது என்று சிலர் கூறுவர். பிரசங்க மேடையிலும் இதனைக் கேட்கின்றோம். முறுக்கும் புத்தாடையுமே கிறிஸ்மஸ் என்று எண்ணுதல் பேதைமை என்பதில் எமக்கும் ஐயமில்லை. தைமாதத்திலிருந்தே பண்டிகை எண்ணத்தோடு வாழ்வார்க்கு, வரும் நாளின் மேலுள்ள ஆசையால் நிகழும் நாளை மறந்துவிடும் இடரும் உண்டு. பிறர் வீட்டினும் நம் வீடு சிறந்து தோன்ற வேண்டும் என்னும் போட்டியும் புகுதல் உண்டு. இவற்றை மறுப்பதற்கில்லை.

ஆயினும் இவ்விரு ஆயத்தங்களையும் ஒன்றற்கொன்று பகையாக வைத்தல் பொருந்துமோ என்பதே எம் வினா. பத்துக் கன்னியர் உவமையை நினைமின். அதில் அறிவுடையார் ஐவரும் செய்தது யாது? எண்ணெய் வாங்கி வைத்தனர், அவ்வளவே. மணவாளன் வரும் நேரத்தில் கடைக்கு ஓடாதபடி, முன்னரே பாத்திரத்தில் எண்ணெய் கொண்டு சென்றனர். ஆண்டவர் தம் வருகைக்குரிய விழிப்பை விளக்க எடுத்துக்கொண்ட பொருள் ஓர் இல்லத்துப் பெண்ணின் முன்யோசனையே. புரட்டாசி வெயிலில் கொப்பரை உலர்த்தும் எம் ஆச்சிக்கு அவ்வுவமைக்கு உரை வேண்டியதில்லை.

மேலும், எம் நாட்டுத் திருச்சபை சிறுகச் சேர்த்தலையே தன் வலியாகக் கொண்டு வளர்ந்தது. திருநெல்வேலிக் கிறிஸ்தவர் 1903ஆம் ஆண்டில் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கியபொழுது, அயல்நாட்டுப் பொருளை வேண்டாது இந்தியர் கொடுக்கும் பொருளாலேயே அதனை நடத்துவதென உறுதி கொண்டனர். அஸரியா அவர்கள் அதில் முன்னின்றார். பின்னர் 1912இல் தோர்னக்கல் அத்தியட்சராகி, ஆங்கிலத் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சர் என்னும் பெயர் பெற்றார். மிசோரம் நாட்டுக் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதல், உலையில் இடும் அரிசியில் வேளைதோறும் ஒரு கைப்பிடியை ஊழியத்துக்கென எடுத்து வைத்து வருகின்றனர். ஒரு கைப்பிடி அரிசியால் உலைப்பானை குறைந்து தோன்றாது. ஓராண்டில் அது மூட்டையாகும். எளியவர் பெருங்காரியம் செய்யும் வழி இஃதொன்றே.

ஆகலின் கடையத்துத் திண்ணையில் வாரந்தோறும் எண்ணி வைக்கப்படும் நூறு ரூபாயை யாம் வெறும் பலகாரப் பணமாகக் கருதவில்லை. வீட்டார் ஒவ்வொருவரும் ஆண்டு முழுவதும் சிறிது தம் விருப்பத்தை அடக்கிக்கொண்டதன் அடையாளம் அது. மார்கழி இருபத்தைந்தாம் நாளன்று எனத் தவறாகக் கூறி எம் ஆசிரியரிடம் ஒருமுறை திருத்தம் பெற்றோம். டிசம்பர் இருபத்தைந்தாம் நாள் மார்கழியில் பத்தாம் நாளையொட்டி வருவது. அந்நாட் காலையில் கடன்காரர் வாயிலில் நில்லாத வீட்டில், முந்திய இரவு முழுதும் வீதிவலம் பாடிக் களைத்த பிள்ளைகள் புத்தாடை உடுத்து நிற்க, அண்டை வீட்டுத் தட்டுகள் நிறைந்து செல்லும். சமாதானம் என்னும் சொல்லை அன்று ஆலயத்திற் பாடும்பொழுது, வட்டிக்கு அஞ்சாத வீட்டார்க்கு அச்சொல்லின் ஒரு பொருளேனும் தெளிவாக விளங்கும்.

இம்மலர் நண்பர்கள் கையை அடையும்பொழுது பண்டிகை அணித்தாக இருப்பினும், கழிந்திருப்பினும், யாம் வேண்டிக்கொள்வது ஒன்றே. நம்முட் பலர் படிப்பு முடிந்து ஊர் திரும்புவோம். ஆசிரியராகவும் எழுத்தராகவும் பணிபுரிவோம். நம் ஊரிலும் சீட்டுப் பிடிக்கும் பெண்கள் இருப்பர். எழுதத் தெரிந்த நாம் தை மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்களோடு அமர்ந்து புத்தகத்தில் வரி கீறிக் கொடுப்போமாயின், மாதந்தோறும் அக்கணக்கை உரக்கப் படித்துக் காட்டுவோமாயின், கல்லூரியில் நாம் கற்றதற்கு அது தகுந்த பயனாகும். எம் பெரியம்மையின் புத்தகத்தில் வரி கீறும் பணி இப்பொழுது எம்முடையது. வரும் தையில் அதன் புதிய ஏட்டைத் தொடங்குவோம்.